எண்ணூற்று ஒன்றாவது பத்திரிகை

1

போன மாதம் மூன்று நாள் பாரிஸ் போய்வந்தேன். ஈஃபில் கோபுரத்தைப் பற்றி நாலு வரி வரும் என்று எதிர்பார்க்கிறவர்கள் இத்தோடு வேறு வேலை பார்க்கலாம். கோபுரத்தைத் தூரத்திலிருந்து, அதுவும் பாதிதான் பார்த்தேன். மீதியை ஒரு கட்டிடம் மறைத்துக்கொண்டிருந்தது. நான் போனது ஒரு கல்யாணப் பத்திரிகையைக் கொடுக்க. சரியாகச் சொன்னால், பத்திரிகை கொடுக்கப் போன என் சிநேகிதிக்குத் துணையாக.

சிநேகிதி பெயர் ஜெயந்தி. பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர், வாழ்க்கைப்பட்டது ராஜபாளையம். கணவருக்குப் பேண்டேஜ் துணி தயாரிக்கும் சின்ன ஃபேக்டரி. நான் ராஜபாளையத்துக்காரி, மும்தாஜ். இருபத்திரண்டு வருடமாக ஜெர்மனியில் கொலோன் பக்கத்தில் ஒரு சிறு ஊரில், முதியோர் இல்லமொன்றில் வேலை. மூன்றாவது ஆள் லட்சுமி. அவளும் ராஜபாளையம்தான், வீட்டில் தெலுங்கு பேசுகிறவள், இப்போது நெதர்லாந்தில் இருக்கிறாள். மூன்று பேரும் கல்லூரியில் ஒரே பெஞ்ச். கல்லூரி முடிந்து மூன்று பேரும் ஒரே இடத்தில் மூன்று நாள் தங்கியது இதுதான் முதல் தடவை.

ஜெயந்தியை இங்கே வரவழைப்பதற்கு நான் பட்ட பாட்டைச் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய், இந்த அம்மாள் என் விருந்தாளி, இவள் இங்கே இருக்கும்வரை எல்லாச் செலவுக்கும் நானே பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஜெயந்தியின் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், இருக்கிற ஊர், கணவர் பெயர், எனக்கு என்ன உறவு, எல்லாம் வேண்டும். "சிநேகிதி" என்று சொன்னதும் அந்த அதிகாரி அம்மாள் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். முப்பது வருட சிநேகிதி என்றேன். அதற்கு ஃபாரத்தில் கட்டம் இல்லை என்றாள். ஒரு ஆளை முறையாக அழைப்பது என்றால் இந்த நாட்டில் இம்புட்டு வேலை இருக்கிறது. இதைப் பின்னால் நினைத்துப் பார்க்க வேண்டி வந்தது.

2

ஜெயந்தி சுற்றிப் பார்க்க வந்திருக்கிறாள் என்றுதான் ஊரில் எல்லோருக்கும் சொல்லியிருந்தது. உண்மையான காரியம் வேறு. அவள் மகள் காவ்யாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. ஜெயந்திக்குக் கூடப் பிறந்தது ஒரே அண்ணன், முருகேசன். பாரிஸில் ஒரு உணவகத்தில் சமையல் வேலை. தாய்மாமன் மாலை போட்டுக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தால்தான் மணவறையில் உட்காருவேன் என்று காவ்யா சொல்லிவிட்டாள். அந்த மாமன் வருவாரா என்பதுதான் யாருக்கும் தெரியாது.

முருகேசன் அண்ணன் யாழ்ப்பாணத்துப் பெண் தர்சினியை இங்கேயே பார்த்துக் கட்டிக்கொண்டவர். ஜெயந்தியின் அப்பாவுக்கு அது கடைசிவரை ஆகவில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் ஜெயந்தி வீடு கட்டிக் குடிபுகுந்தபோது அண்ணன் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு ஆசையாக வந்தார். புதுமனைப் பத்திரிகையில் மாமா, சித்தப்பா எல்லோர் பெயரும் சோடி சோடியாக இருந்தது. அண்ணன் பெயர் மட்டும் ஒற்றையாக இருந்தது. அது அப்பா பார்த்துச் செய்த வேலை. தர்சினி வாசலில் நின்று பத்திரிகையை வாசித்தாள், உள்ளே வந்து சாப்பிட்டாள், எல்லோரிடமும் சிரித்துப் பேசினாள். மறுநாள் காலையில் மூன்று பேரும் கிளம்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு தீபாவளிக்கு ஒரு ஃபோன். அப்பா இறந்தபோது அண்ணன் மட்டும் வந்தார்.

"ஃபோன்ல கூப்பிட்டா வர மாட்டாவ. நேர்ல போயி, தட்டு வச்சு, ரெண்டு பேரையும் நிக்க வச்சுக் கூப்பிடணும். அதான் மொறை," என்றாள் ஜெயந்தி.

கிளம்புகிற காலையில் என் மகன் ரியாஸ், பத்தொன்பது வயது, ஜெர்மனில் கேட்டான்: ஒரு தாளைக் கொடுக்கவா மூன்றரை மணி நேரம் ரயிலில் போகிறீர்கள், ஃபோட்டோ எடுத்து அனுப்ப வேண்டியதுதானே?

"ஒம் பையன் என்ன சொல்லுதான்?" என்று ஜெயந்தி கேட்டாள்.

"பத்திரமாப் போயிட்டு வரச் சொல்லுதான்," என்றேன். அவன் தமிழில் ஒரு வரி சொல்லியிருந்தால் நான் பொய் சொல்ல வேண்டியிருந்திருக்காது. மதுரை ஏர்போர்ட்டில் இறங்கினால் மட்டும் அவனுக்குத் தமிழ் வரும். அதுவும் பரோட்டா சொல்ல.

3

லட்சுமி கொலோனில் வந்து எங்களோடு ஏறிக்கொண்டாள். ஜெயந்தி கொண்டுவந்த காராச்சேவைப் பிரித்தோம். பால்கோவா வேண்டாம் என்று முன்கூட்டியே எச்சரித்திருந்தேன், பால் சாமானை ஏர்போர்ட்டில் பிடுங்கிவிடுவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி பால்கோவா இல்லாமல் விருந்துக்கு வருவது எவ்வளவு கேவலம் என்று அவள் வந்த நாளிலிருந்து புலம்பிக்கொண்டிருந்தாள்.

சேவு தின்றுகொண்டே லட்சுமி, ஜெயந்தி எங்களுக்குக் கொண்டுவந்த பத்திரிகையை ரேடியோக்காரி மாதிரி உரக்க வாசித்தாள். அவள் எதையும் முழுசாக வாசிக்கிறவள், மருந்துச் சீட்டைக்கூட. மணமகள், மணமகன், மண்டபம், நேரம் எல்லாம் வாசித்துவிட்டு உறவுப் பட்டியலுக்கு வந்தாள்.

"கணேசன் – விஜயா, மம்சாபுரம். ராமர் – பாக்கியம், சோழபுரம். தாய்மாமன் முருகேசன், பாரிஸ்." நிறுத்தினாள். "ஏட்டி ஜெயந்தி. ஒங்க அண்ணன் மட்டும் ஏன் ஒத்தையா நிக்காவ?"

ஜெயந்தி பத்திரிகையைப் பிடுங்கினாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து நான் சேவுப் பொட்டலத்தை மடித்து வைத்தேன்.

நடந்தது இதுதான். பத்திரிகை அடிக்கப் போனது ஜெயந்தியின் கணவருடைய அண்ணன். நம் ஊர் அச்சகங்களின் பழக்கம் உங்களுக்குத் தெரியும். "ஒங்க பழைய மேட்டர் கம்ப்யூட்டர்ல கெடக்கு சார், மேல மட்டும் மாத்திக்கிடுவோம்" என்பார்கள். புதுமனைப் பத்திரிகையின் உறவுப் பட்டியல் அப்படியே கல்யாணத்துக்கு வந்துவிட்டது. அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் அவர் போட்ட பட்டியல் உயிரோடு இருந்தது.

"நீ பாக்கலையாட்டி?" என்றேன்.

"மூணு தடவ பாத்தேன் மும்தாஜ். மாப்பிள்ளை வீட்டுப் பேரு வரிசை மாறிறக் கூடாதுன்னு அதயே பாத்தேன். எங்க வீட்டுப் பக்கம் கண்ணே போகல." சொல்லும்போதே அழ ஆரம்பித்துவிட்டாள். "இதக் கொண்டுபோயி நான் எப்படி அவுக கையில குடுப்பேன்? பத்திரிகை குடுக்கவா வந்தேன், அவுகள ரெண்டாந்தடவையும் அடிக்கவா வந்தேன்?"

ஊரில் எண்ணூறு பத்திரிகை கட்டுக் கட்டாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை கோயிலில் வைத்துவிட்டு விநியோகம். திரும்ப அடிக்கச் சொன்னால் கணவரின் அண்ணன் சாமியாடிவிடுவார். அவர் எடுத்துச் செய்த காரியம் அது.

"தேவுடா, இதுக்குப் போயி அழுதியே," என்றாள் லட்சுமி. "நாம போறது பாரிஸ். அங்க லா சப்பல்ல தமிழ் அச்சகம் இல்லாமலா இருக்கும்? மதினி பேரச் சேத்து ஒண்ணே ஒண்ணு அடிச்சுக்கிடுவோம். அவிய பாக்கப்போறது அந்த ஒண்ணத்தான்."

எனக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. உள்ளதைச் சொல்கிறேன், கொஞ்சம்கூட உறுத்தவில்லை.

4

லா சப்பலைப் பற்றி ஊரில் பலருக்குத் தெரியாது. பாரிஸின் வடக்கு ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஐந்து நிமிடம் நடந்தால் பெயர்ப்பலகைகள் தமிழுக்கு மாறிவிடும். புடவைக்கடை, நகைக்கடை, சலூன், டிக்கெட் போடுகிற கடை, எல்லாம் யாழ்ப்பாணத்துக்காரர்களுடையது. கொத்துரொட்டி கொத்துகிற சத்தம் தெருமுனைவரை கேட்கிறது. தலைக்குமேல் பாலத்தில் மெட்ரோ போகிறது, கீழே ஒருவர் தேங்காயைத் தட்டிப் பார்க்கிறார்.

ஜெயந்தி அழுகையை ஒரு காய்கறிக்கடை முன்னால் மறந்துபோனாள். "இந்த முருங்கைக்காய் எம்புட்டுங்க?" என்று ராஜபாளையம் மார்க்கெட்டில் கேட்கிற அதே குரலில் கேட்டாள். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, "ஊரில எவடம் அக்கா?" என்றார்.

"ராஜபாளையம்."

"ஓ, நாய்க்குப் பேர்போன இடமல்லோ?"

இருபத்திரண்டு வருடமாக எனக்கு இந்த அறிமுகம்தான். நூல் மில் இருக்கிறது, பேண்டேஜ் இருக்கிறது, மாம்பழம் இருக்கிறது, யாருக்கும் தெரியாது. நாய்க்குப் பின்னால்தான் நாங்கள்.

ஒரு இனிப்புக்கடையில் பிளாஸ்டிக் டப்பாவில் ஸ்ரீவில்லிபுத்தூர் பெயர் போட்ட பால்கோவா இருந்தது. ஜெயந்தி ஒரு விரல் எடுத்து வாயில் வைத்தாள். "இது எங்க ஊர, பக்கத்தூரு வன்னியம்பட்டியில நின்னுகூடப் பாத்திருக்காது," என்றாள். இருந்தாலும் இரண்டு டப்பா வாங்கிக்கொண்டாள். வெறுங்கையோடு போகக்கூடாதாம். பிறகு வெற்றிலை, பாக்கு, பழம், பூ, மஞ்சள்தூள், ஒரு எவர்சில்வர் தாம்பாளம். பாரிஸில் பெண்கள் என்னென்னவோ வாங்குவார்கள் என்று கேள்வி. நாங்கள் தாம்பாளத்தோடு தெருத்தெருவாக அலைந்தோம்.

அச்சகம் ஒரு டிக்கெட் கடையின் மாடியில் இருந்தது. சுவரெல்லாம் பிள்ளையார், மயில், யானை போட்ட அழைப்பிதழ்கள். நாற்பது வயதிருக்கும் ஒருவர் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார்.

"வாங்கோ அக்கா. கலியாணமோ, சாமத்தியமோ?" பெண் வயதுக்கு வந்த சடங்கை அவர்கள் சாமத்தியம் என்பார்கள்.

ஜெயந்தி பத்திரிகையை நீட்டினாள். இதேபோல, ஒரே ஒரு பெயரைச் சேர்த்து.

"செய்யலாம். எத்தினை அடிக்கோணும்?"

"ஒண்ணு."

"ஒண்டோ?" அவர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு ஆளைத்தானோ கலியாணத்துக்குக் கூப்பிடுறியள்?"

லட்சுமி விழுந்து விழுந்து சிரித்தாள். ஜெயந்தி சிரிக்கவில்லை. அவர் தட்டச்சுச் செய்துகொண்டே பெயரைக் கேட்டார். தர்சினி. எல்லோருக்கும் பக்கத்தில் ஊர் போட்டிருக்கிறதே, இவ எந்த ஊர் ஆள் என்று கேட்டார். யாழ்ப்பாணம் என்றாள் ஜெயந்தி.

"யாழ்ப்பாணத்தில எவடம்?"

ஜெயந்தி என்னைப் பார்த்தாள். எனக்கு எப்படித் தெரியும்? சொந்த மதினி எந்த ஊர்க்காரி என்று இத்தனை வருடத்தில் அவள் கேட்டதே இல்லை. அந்த அதிகாரி அம்மாள் என்னிடம் கேட்ட கேள்விகளில் பாதிக்குக்கூட இவளிடம் பதில் இருந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன். பாரிஸ் என்றே போட்டுவிடச் சொன்னோம்.

பத்து நிமிடத்தில் கையில் கொடுத்துவிட்டார். தாள் கொஞ்சம் வழவழப்பு, ஓரத்தில் மயில். மற்றபடி அச்சு அசல். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக்கொண்டோம்.

5

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் வீட்டுக்குப் போனோம். புறநகரில் ஆறாவது மாடி. கதவைத் திறந்தது தர்சினி. "வாங்கோ, வாங்கோ" என்று மூன்று பேர் கையையும் பிடித்துக்கொண்டாள். ஆறு வருடத்துக்கு முன் நடந்ததற்கு அந்த முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. அண்ணன் அதிகம் பேசவில்லை. வடை, றோல்ஸ், தேநீர் எல்லாம் அவரே கொண்டுவந்து வைத்தார். மகள் ஆரணிக்குப் பதினாலு வயது. அப்பாவோடு பிரெஞ்சு, அம்மாவோடு தமிழ். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் போகிறாளாம். எனக்கு ரியாஸ் ஞாபகம் வந்தது, பொறாமையாக இருந்தது.

ஜெயந்தி தட்டை எடுத்தாள். சோடியாக நின்று கொடுப்பதுதான் முறை, கணவர் வரவில்லை. "நீ அந்தப் பக்கம் பிடி," என்றாள் என்னிடம். நான் பிடிக்கலாமா என்று தயங்கினேன். "பிடிட்டி, ஒத்தையாக் குடுக்கக் கூடாது," என்றாள். அண்ணனும் மதினியும் எழுந்து நிற்பதற்குள் ஆரணி தட்டிலிருந்த பத்திரிகையை எடுத்துவிட்டாள்.

"நான் வாசிக்கிறன்."

எழுத்துக் கூட்டி, நிதானமாக வாசித்தாள். தமிழ்ப் பள்ளியில் அப்படிப் பழக்கியிருக்கிறார்கள். "தாய்மாமன் முருகேசன் – தர்சினி, பாரிஸ். அம்மா, உங்கட பேர்!"

தர்சினி கழுத்தை நீட்டிப் பார்த்தாள். கண் கலங்கியது தெரிந்தது. ஜெயந்தி மூச்சு விட்டாள். நானும் விட்டேன். ஆரணி மட்டும் நிறுத்தவில்லை. மண்டபத்துக்கு வழி வாசித்தாள். பிறகு எல்லாவற்றுக்கும் கீழே, கண்ணில் படாத சிறு எழுத்தில், எந்தத் தமிழ் அச்சகமும் போடாமல் விடாத அந்த ஒரு வரியையும் வாசித்தாள். அச்சகத்தின் பெயர், ஃபோன் நம்பர்.

"பாரிஸ் பத்து," என்று அச்சகம் இருக்கிற வட்டாரத்தையும் சொல்லி முடித்தாள்.

எத்தனையோ பத்திரிகை பார்த்திருப்பேன், அந்த வரி எனக்குத் தோன்றவே இல்லை. மருந்துச் சீட்டை முழுசாக வாசிக்கிற லட்சுமியும் கோட்டைவிட்டாள்.

"அப்ப ஊரில அடிச்சதில நான் இல்லை," என்றாள் தர்சினி.

பழைய மேட்டர், மாப்பிள்ளை வீட்டு வரிசை, எல்லாவற்றையும் ஜெயந்தி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "இல்ல மதினி. நான் பாத்திருக்கணும். பாக்கல," என்றாள்.

"ஊரில எத்தினை பேருக்குக் குடுக்கிறியள்?"

"எண்ணூறு."

"எண்ணூறு பேருக்கு நான் இல்லை. எனக்கு மட்டும் நான் இருக்கிறன்." கோபமாகச் சொல்லவில்லை. கணக்கு வாத்தியார் விடையைச் சொல்வதுபோலச் சொன்னாள். அதுதான் சுருக்கென்றது. அந்த ஒற்றைப் பத்திரிகைக்கு அலைந்த கால்களில் இரண்டு என்னுடையவை, எனக்கு வெட்கமாக இருந்தது. தட்டு என் கையிலும் ஜெயந்தி கையிலும் அந்தரத்தில் நின்றது. தட்டை வாங்காவிட்டால் வரவில்லை என்று அர்த்தம். வேறு அர்த்தமே கிடையாது.

ஜெயந்தி தட்டை மேசையில் வைத்துவிட்டு, ஃபோனை எடுத்துக் கணவரைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"பத்திரிகைக் கட்டப் பிரிச்சாச்சா?"

"வெள்ளிக்கெழமதான. ஏன்?"

"பிரிக்காதிய. வேற அடிக்கணும். எங்க மதினி பேரு இல்ல."

"எந்த மதினி?"

ஜெயந்திக்கு முகம் சிவந்துவிட்டது. "எனக்கு இருக்கது ஒரே மதினி," என்றாள்.

கணவர் தணிந்த குரலில், "எங்க அண்ணன்ட்ட என்ன சொல்ல? அவுகளா பாத்துச் செஞ்சது."

"நீங்க சொல்ல வேண்டாம். அவியட்ட ஃபோனக் குடுங்க, நான் சொல்லுதேன்."

சொன்னாள். அவர் கத்தியது ஆறாவது மாடி முழுக்கக் கேட்டிருக்கும். பேண்டேஜ் கம்பெனி, கௌரவம், எண்ணூறு பத்திரிகை, எல்லாம் வந்தது. ஜெயந்தி எல்லாவற்றுக்கும் "ஆமா அத்தான், எம்மேலதான் தப்பு" என்றாள். கடைசியில், "பேரு போடலைன்னா எங்க அண்ணன் வர மாட்டாவ. வரவும் வேண்டாம்னு நானே சொல்லிருவேன். பொறவு ஒங்க வீட்டுப் பிள்ளைக்கு யாரு மாலை போடுவான்னு நீங்களே பாத்துக்கிடுங்க," என்றாள். அவர் கத்துவதை நிறுத்தினார். நாளைக்கே அச்சகத்துக்குப் போகிறேன் என்றார்.

ஃபோனை வைத்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே தர்சினியிடம் திரும்பினாள். "மதினி, ஒங்க சொந்த ஊரு எது? பத்திரிகையில போடணும்."

"கரவெட்டி," என்றாள் தர்சினி மெதுவாக. அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தியாவில ஒருத்தரும் என்னட்ட இதைக் கேட்டதில்லை."

பிறகு எழுந்து, "ஊர்ப் பத்திரிகை ஒண்டு வச்சிருக்கிறியளோ?" என்று கேட்டாள். ஜெயந்தி பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். தர்சினி அதையும் ஒரு பேனாவையும் மகளிடம் நீட்டினாள். முருகேசன் என்ற பெயருக்குப் பக்கத்தில், அச்சு இல்லாத இடத்தில், ஆரணி உருட்டி உருட்டி "தர்சினி" என்று எழுதினாள். தர்சினி அதை வாங்கித் தட்டில் வைத்தாள். மயில் போட்டதை எடுத்து அலமாரியில் செருகினாள்.

"இப்ப தாங்கோ," என்றாள். நாங்கள் மறுபடியும் தட்டைப் பிடித்தோம். இரண்டு பேரும் சேர்ந்து நின்று வாங்கிக்கொண்டார்கள். அண்ணன், "மாலை நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர்லதான் கட்டச் சொல்லணும். நாங்க நாலு நாள் முன்னாடியே வந்திருதோம்," என்றார். பால்கோவா டப்பாவைத் திறந்து ஒரு வாய் வைத்துவிட்டு, "எங்கட்டி வாங்குன இத?" என்று தங்கையை முறைத்தார். ஆறு வருடம் கழித்து அவர் தங்கையைத் திட்டினார். ஜெயந்திக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

6

திங்கட்கிழமை திரும்பி வருகிற ரயிலில் ஜெயந்தி ஃபோனுக்கு அச்சகத்திலிருந்து புதுப் பத்திரிகையின் மாதிரி வந்தது. சரிபார்த்துச் சொல்லவும் என்று கணவரின் அண்ணன் எழுதியிருந்தார், கோபம் ஆறாத ஆள் எழுதுவதுபோல இரண்டே சொல்லில். மூன்று தலைகளும் ஒரு ஃபோனுக்குள் போயின. இந்தத் தடவை மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்தை நாங்கள் பார்க்கவே இல்லை. தாய்மாமன் முருகேசன் – தர்சினி, கரவெட்டி, பாரிஸ்.

"சரின்னு அனுப்பிரவா?" என்றேன்.

"நான் பாத்தது போதாது," என்றாள் ஜெயந்தி. அதை அப்படியே தர்சினிக்கு அனுப்பி, நீங்க பாத்துச் சொன்ன பொறவுதான் அடிப்பாங்க மதினி என்று எழுதினாள்.

பதில் வர அரை மணி நேரம் ஆனது. அதுவரை ஜெயந்தி ஜன்னலையும் பார்க்கவில்லை, மீதியிருந்த காராச்சேவையும் தொடவில்லை. ஃபோன் அதிர்ந்ததும் என்னிடம் நீட்டி, நீ வாசி என்றாள்.

தர்சினி எழுதியிருந்தது இது: "மூண்டு பேரும் இருந்து வாசிச்சம். கடைசி வரியும் வாசிச்சம். ராஜபாளையம் எண்டுதான் கிடக்கு. அடியுங்கோ."